இதுல கை கழுவலாமுங்களா?

போன ஞாயிற்றுக்கிழமை என் சகலை வந்திருந்தார். கோயமுத்தூர்க்காரர். சீரகச் சம்பா பிரியாணியை மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எழுந்தார். வாஷ்பேசின் வரைக்கும் போனவர் குனிந்து பார்த்துவிட்டு, எண்ணெய் வழிகிற கையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏனுங் சகலை, இதுல கை கழுவலாமுங்களா?"

கழுவாமல்? பூஜை போட்டுக் கும்பிடவா வாங்கி மாட்டியிருக்கிறேன்? இப்படிக் கேட்டிருக்கலாம். சகலை உறவில் அதற்கெல்லாம் இடமில்லை. பல்லைக் காட்டியபடி, "உப்புத் தண்ணி சகலை" என்றேன். திண்டுக்கல்காரன் எவனும் இதைச் சொல்லாமல் ஒரு வாரத்தைக் கடப்பதில்லை. பருப்பு வேகவில்லையா, உப்புத் தண்ணி. சோப்பு நுரைக்கவில்லையா, உப்புத் தண்ணி. வேட்டி பழுப்படித்துவிட்டதா, முன்மண்டை வழுக்கையா, வெளியூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மருமகள் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாளா, எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். சகலைக்கு மட்டும் அது காரணமாகப் படவில்லை. கொல்லைப்பக்கக் குழாயைத் தேடிப் போய்விட்டார். அங்கே வருவதும் அதே தண்ணிதான்.

பேசினை வெள்ளையாக்குகிற வழியை இந்தக் கட்டுரையிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் கோயமுத்தூர்க்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை.

அவர்களிடம் தண்ணீர்ப் பேச்சை எடுக்கவே கூடாது. எங்கே தொடங்கினாலும் சிறுவாணியில் போய்த்தான் நிற்கும். உலகத்திலேயே ருசியான தண்ணீரில் அதற்கு இரண்டாவது இடமாம். போட்டி வைத்தது யார், ருசி பார்த்த நடுவர் யார், முதல் பரிசை அடித்துக்கொண்டு போன ஆறு எது என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் அப்படித்தானுங்க" என்பார்கள். அந்த அணை இருப்பது கேரளாவில், பாலக்காடு மாவட்டத்தில். மழை மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்தது, இடம் மலையாளிகள் கொடுத்தது, பெருமை மட்டும் என் சகலையுடையது.

எங்களுக்கும் மலைத் தண்ணீர் உண்டு. ஆத்தூர் காமராஜர் அணையிலிருந்து வருகிறது. காவிரியும் குழாயில் ஏறி இவ்வளவு தூரம் வருகிறாள். ஆனால் அது நல்ல தண்ணி. அதைக் குடத்தில் பிடித்து, தட்டுப் போட்டு மூடி, தட்டின்மேல் டம்ளரைக் கவிழ்த்து வைப்போம். நல்ல தண்ணியில் கை கழுவுகிறவனுக்கு இந்த ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள். கை, கால், துணி, பாத்திரம், பேசின் எல்லாவற்றுக்கும் போர் தண்ணிதான்.

ஊர் நடுவே கோட்டையைச் சுமந்துகொண்டு ஒரு பாறை நிற்கிறது அல்லவா, அதன் பங்காளிகள்தான் எங்கள் காலடி முழுக்க. மழைத்தண்ணீர் அந்தப் பாறை வெடிப்புகளில் இறங்கி, வருஷக்கணக்கில் உட்கார்ந்து, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்து வைத்துக்கொள்கிறது. நாம் நூற்றுக்கணக்கான அடி துளை போட்டு, மோட்டார் வைத்து இழுத்து, சின்டெக்ஸில் ஏற்றிக் குழாயில் விடுகிறோம். எவ்வளவு இறுக்கி மூடினாலும் குழாய் முனையில் ஒரு சொட்டு தொங்கும். விழும். காயும். காயும்போது கரியமில வாயு கழன்றுகொள்ள, மிச்சமிருப்பது சுண்ணாம்புக்கல்லாகப் படிகிறது. குகைக் கூரைகளில் விழுது விழுதாகத் தொங்கும் பாறை உண்டாவதும் இதே வழியில்தான். அதைப் பார்க்க ஆந்திராவில் போரா குகைக்கு டிக்கெட் எடுத்துப் போகிறார்கள், வாயைப் பிளக்கிறார்கள். என் வீட்டில் இலவசமாகப் பார்த்துவிட்டு மூஞ்சியைச் சுளிக்கிறார்கள்.

என் பேசினில் அந்தச் சொட்டு விழும் இடத்திலிருந்து தண்ணீர் இறங்கும் ஓட்டை வரைக்கும் விரல் அகலத்துக்கு ஒரு தடம். மேலே வெளிர் மஞ்சள், இறங்க இறங்கச் செம்பழுப்பு. அது தண்ணீரில் இருக்கும் இரும்பு துருப்பிடித்த நிறம். தடத்தின் இரு கரையிலும் வெள்ளைப் பொருக்கு. நகத்தால் சுரண்டினால் நகம்தான் தேய்கிறது. குழாய்ச் சல்லடையில் பாதிக் கண் அடைத்துப்போய், தண்ணீர் பேசினில் விழாமல் சட்டைப் பையில் விழுகிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500, தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும், வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 600 வரை போகட்டும் என்கிறது. 'வேறு கிடைக்காவிட்டால்' என்று எழுதிச் சேர்த்த அதிகாரி ஒரு கோடையையாவது எங்கள் பக்கம் கழித்திருப்பார்.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் எல்லாக் கறைக்கும் தோல் பதனிடும் ஷாப்பையே காட்டுவார். தோல் ஷாப் கழிவு இறங்கிய பகுதிகளில் நிலத்தடி நீர் கெட்டுப்போனது நிஜம். அந்த மக்களிடம் போய் பேசின் வெள்ளையாக இல்லை என்று புலம்ப எனக்கு வாய் வராது. என் வீட்டுக் கறை அப்படி யாரும் செய்த அநியாயம் அல்ல. சுத்தமான பாறைச் சரக்கு. சிறுமலை வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, விருப்பாச்சி வாழைக்குக் கிடைத்தது, 2019-இல் பழனி பஞ்சாமிர்தம், கொடைக்கானல் மலைப்பூண்டு, திண்டுக்கல் பூட்டு என்று மாவட்டத்துக்கே வரிசையாகக் கிடைத்தது. இந்தக் கறைக்கும் ஒரு மனு போட்டால் என்ன? பூட்டையாவது அலிகாரில் செய்துவிடுகிறார்கள். இந்த நிறத்தை வேறு எந்த ஊர்க்காரனாவது வரவழைத்துக் காட்டட்டும்.

சரி, வழிக்கு வருவோம்.

பேசினில் கறை என்று சொல்லி வாயை மூடுவதற்குள் எதிரில் இருப்பவர் ஒரு சமையல் குறிப்பை எடுத்து விடுகிறார். கொழுந்தியாள் ஆரம்பித்து வைத்தாள்: "மாமா, ஒரு எலுமிச்சம்பழத்த வெட்டி ஆப்ப சோடாவத் தொட்டுத் தேய்ங்க, பளிச்சுனு ஆயிரும்." தேய்த்தேன். நுரைத்துப் பொங்கியது. நமக்கு எது பொங்கினாலும் நல்ல சகுனம். குலவை போடாத குறையாக வீடே கூடி நின்று பார்த்தது. அடங்கிய பிறகு கறை அங்கேயே இருந்தது. விஷயம் என்னவென்றால், எலுமிச்சையில் இருப்பது அமிலம், ஆப்ப சோடா அதற்கு நேர் எதிரி. கறையோடு சண்டை போட அனுப்பிய இரண்டு பேரும் தங்களுக்குள்ளேயே கட்டிப் புரண்டு செத்துப்போனார்கள். அந்தப் பொங்கல் அவர்களுடைய சாவுமேளம்.

வத்தலக்குண்டுச் சித்திக்கு எலுமிச்சையில் நம்பிக்கை இல்லை. "குத்துவிளக்கு எதுல விளக்குறோம்? புளியிலதான?" பழைய புளியாகப் பார்த்துக் கரைத்து, கல் உப்புப் போட்டு ஊற்றச் சொன்னார். எதிர்வீட்டு அக்கா, மூன்று நாள் புளித்த மோர் என்றார். அவருடைய மாமியார், மோர் வேண்டாம், புளித்த இட்லி மாவு என்றார். இந்த விஷயத்தில் அவர்களுக்குள் ஏற்கெனவே ஏதோ இருந்திருக்கிறது, நான் தலையிடவில்லை. அலுவலக நண்பர் வினிகர். மச்சான் மகன், கோலா ஒரு பாட்டில் வாங்கி ஊற்றி ராத்திரி முழுக்க விடச் சொன்னான்; வாங்கியதில் கால்வாசியை அவன் குடித்துவிட்டு முக்கால்வாசியை பேசினுக்குக் கொடுத்தான். முடிவெட்டும் கடையில், பக்கத்து நாற்காலியில் முகமெல்லாம் சோப்போடு இருந்த முன்பின் தெரியாத ஒருவர், "பேஸ்ட் போட்டுப் பாருங்க" என்றார். எந்த பேஸ்ட் என்றேன். "வெள்ளை பேஸ்ட். ஜெல் ஆகாது" என்றார், வைத்தியர் கண்டிப்போடு.

யோசித்துப் பார்த்தால் அந்த வாரம் எங்கள் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டது அந்த பேசின்தான். உப்பு வைத்து ஆரம்பித்து, எலுமிச்சை, புளிக்கரைசல், மோர், இட்லி மாவு, குடிக்க கோலா, கடைசியில் பல் தேய்க்கப் பேஸ்ட்டும் ஆயிற்று. கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டியிருந்தால் ஒரு ரசமே இறக்கியிருக்கலாம். கோடையில் எலுமிச்சம்பழம் விற்கிற விலையில், மனுஷனுக்கு ஒரு டம்ளர் சர்பத் கேட்டால் "அரைமூடிதான் இருக்கு, ராத்திரி சாதத்துக்கு வேணும்" என்கிற வீடு, பேசினுக்கு முழுப்பழம் அறுத்தது. எனக்கு மோர் இல்லை, பேசினுக்குப் புளிக்க வைத்த மோர் உண்டு. சித்தி தினமும் போன் போடுவார். என் சர்க்கரை, என் முழங்கால் பற்றியெல்லாம் கேள்வி கிடையாது. "புளி ஒத்துக்கிச்சா?" என்பார். "கொஞ்சம் எளகுன மாதிரி தெரியுது சித்தி." "நாளைக்கும் அதையே குடு. நடுவுல மாத்தாத." இப்படிப் பக்குவம் பார்த்து என்னை யாராவது கவனித்திருந்தால் எனக்கு இந்த வயிறு வந்திருக்காது.

புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக், மோரில் லாக்டிக், வினிகரில் அசிட்டிக், கோலாவில் பாஸ்பாரிக். சுண்ணாம்புப் பொருக்கை இவை எல்லாமே கரைக்கும், துணியில் நனைத்து மணிக்கணக்கில் ஒட்டவைத்தால். நாம் ஊற்றுகிறோம், அது வழுக்கிக்கொண்டு ஓட்டைக்குள் போய்விடுகிறது. சாக்கடைக்குள் அந்தக் குழாய் இன்றைக்குப் பளபளவென்று இருக்கும், சந்தேகமே இல்லை. பற்பசை கதை இன்னும் மோசம். வெள்ளைப் பற்பசைகள் பலவற்றில் தேய்ப்புப் பொருளாகக் கலந்திருப்பதே கால்சியம் கார்பனேட்தான், அதாவது பேசினில் ஒட்டிக்கொண்டிருக்கிற அதே சுண்ணாம்பு. கறையை எடுக்கக் கறையையே காசு கொடுத்து வாங்கித் தடவியிருக்கிறோம், புதினா வாசனையோடு.

சைக்கிளில் "ஆசிட்டே... பினாயிலே..." என்று வருகிறவரைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. அவர் தரும் பாட்டிலில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கறை ஐந்து நிமிஷத்தில் போகும், கூடவே சிமென்ட், ஸ்டீல் வளையம், மூக்குமுடி எல்லாம் போகும். ஆசிட்டைச் சில்லறையில் விற்பதற்கு உச்ச நீதிமன்றம் 2013-இல் கடிவாளம் போட்டது. அவருடைய மணிச் சத்தத்துக்கு யாரும் போட்டதாகத் தெரியவில்லை. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரையும் கலந்தால் டபுள் பவர் என்று ஒரு வதந்தி பெண்கள் மத்தியில் உலவுகிறது. கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்ரே போர்முனையில் ஜெர்மானியர்கள் எதிரிமேல் திறந்துவிட்டது அதைத்தான். கதவு சாத்திய குளியலறையில் அந்தப் போரைத் தனியாக நடத்த வேண்டாம். இரும்புக் கறைக்கு வெறும் பிளீச்சிங்கும் உதவாது, இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும்.

பிளம்பர் வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். "கம்பி நார் போட்டுத் தேச்சீங்களா சார்?" நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி ஜன்னலைப் பார்த்தாள். பீங்கானுக்கு மேலே இருப்பது கண்ணாடிப் பூச்சு. ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் வெந்து வந்தது. அதைக் கீறிவிட்டால் ஒவ்வொரு கீறலிலும் புதுக் கறை குடிவரும். "இதுக்கு மேல எதுவும் செய்ய முடியாது சார். கழட்டிப் போட்டுட்டு வேற மாட்டிருங்க" என்று சொல்லி, பார்த்ததற்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு போனார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் பெரியப்பா வீட்டில் வெளிர் பச்சையில் ஒரு பேசின் இருந்தது. அந்தக் காலத்தில் ரோஸ், ஆகாய நீலம் எல்லாம் உண்டு. உப்புத் தண்ணி ஊரில் வீடு கட்டியவர்களுக்கு மூளை இருந்திருக்கிறது. ராணிப்பேட்டையிலும் விருத்தாசலத்திலும் பீங்கான் சுடுகிற தமிழ்நாட்டில் எனக்கு ஒரு பச்சை கிடைக்காதா? கடைக்குப் போய்க் கேட்டேன்.

"அதெல்லாம் எங்கப்பா காலத்துச் சரக்கு சார். இப்ப ஒயிட்டுதான் ஓடுது" என்றார் கடைக்காரர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணும்னா ஐவரி ஒண்ணு கெடக்கு, ரேட்டு மட்டும் கொஞ்சம் கூட" என்று உள்ளேயிருந்து தூக்கி வந்து, அட்டையைக் கிழித்து, துணியால் துடைத்து, மேஜைமேல் வைத்தார். வெளிர் மஞ்சள். என் வீட்டில் குழாய்க்கு நேர் கீழே, தடம் ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிற அதே மஞ்சள்.

வெள்ளையைவிட இதற்கு ஏன் விலை ஜாஸ்தி என்று கேட்டேன்.

"இந்தக் கலர் வர்றது லேசுல்ல சார்" என்றார்.