‘ஆ’ வேறு புராஜெக்டுக்குப் போய்விட்டார்

“கோச்சிங் எதற்கு? தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். வேலையையும் விட வேண்டாம்.” ஐஐஎம்களில் எம்பிஏ சேர்வதற்கான கேட் தேர்வு முடிவு வந்ததும் வருஷா வருஷம் இந்த உபதேசமும் வந்துவிடுகிறது. கூடவே அதிகாலை ஜன்னல், லேப்டாப், ஆவி பறக்கும் காபி என்று ஒரு படம். அந்த இரண்டு மணி நேரத்தை எந்தக் கடையில் வாங்கினார்கள், என்ன விலை என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

சென்னை சோழிங்கநல்லூரில் ஐடி வேலை பார்க்கும் பையனைக் கேளுங்கள். காலையில் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட ஓ.எம்.ஆரில் கேப் ஊர்கிறது. சாயங்காலம் பையை மாட்டும் நேரத்தில் லீட் எட்டிப் பார்க்கிறார்: “ப்ரோ, கிளையன்ட் ஆன்லைன் வந்துட்டாங்க. ஒரு சின்ன கால். அஞ்சே நிமிஷம்.” ஐடி உலகில் அஞ்சு நிமிஷம் என்பது குறைந்தபட்சம் ஒன்றரை மணி நேரம். அமெரிக்காவில் விடிந்தால்தான் நமக்கு இருட்டும் என்பது பூகோளம். அங்கே விடிந்த பிறகும் நாம் தூங்கக் கூடாது என்பது கம்பெனி விதி. பதினொரு மணிக்கு வீடு சேர்ந்து, ஆறிப்போன தோசையைத் தின்றுவிட்டு, கேட் தேர்வுக்கான அருண் சர்மாவின் கணக்குப் புத்தகத்தைப் பிரிக்கிறான். தலையணை கனத்தில் இருக்கிறது. பல ராத்திரிகளில் அந்த வேலையையும் அதுவே பார்த்துவிடுகிறது.

அதில் ‘காலமும் வேலையும்’ என்று ஒரு பாடம். இரண்டில் முதலாவது இல்லாமலும் இரண்டாவது தலைக்கு மேல் கிடந்தும் அவதிப்படுகிறவனுக்கு நடுராத்திரியில் வரும் கேள்வி இது: ‘அ’ ஒரு வேலையை 12 நாளில் முடிப்பார். ‘ஆ’ அதையே 18 நாளில் முடிப்பார். இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள்? விடை 7.2. ஆபீஸிலும் இதே கணக்குதான், ஒரு சின்னத் திருத்தத்தோடு. கிளையன்டிடம் 7.2 நாள் என்று சொல்லிக் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. மறுநாளே ‘ஆ’ வேறு புராஜெக்டுக்கு மாற்றப்பட்டார். கெடு மாறாது. ‘அ’ ராத்திரியும் உட்கார வேண்டியது. தேர்வில் தப்பான விடைக்கு ஒரு மார்க் கழிப்பார்கள். தப்பான கெடு கொடுத்த மேனேஜருக்கு அப்ரெய்சலில் அரை மார்க்கூடக் கழிவதில்லை.

பெரியவர்களுக்கு இதுவும் போதவில்லை. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் ஏலத்தை 90-க்கு ஏற்றினார். வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். வாரத்துக்கு 168 மணி. 90 போனால் 78. ஏழு ராத்திரித் தூக்கத்துக்கு 49 போனால் மிச்சம் 29. குளிப்பது, தின்பது, பெருங்குடி சிக்னலில் நிற்பது, காய்ச்சலில் படுப்பது, கூடவே ஐஐஎம்முக்குப் படிப்பது எல்லாம் அதற்குள். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1947-ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. நம் கண்ணாடிக் கட்டிடங்களின் செக்யூரிட்டி அந்தச் சட்டத்திடம் ஐடி கார்டு கேட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டார் போலிருக்கிறது.

இதுவரை சொன்னது பையனின் கதை. அதே டீமில் இருக்கும் பெண்ணுக்கு அந்த 29 மணியும் கிடையாது. அவளுக்கு வீடு இரண்டாவது ஷிஃப்ட். அதற்குச் சம்பளமும் இல்லை, கம்ப்-ஆஃபும் இல்லை. மாக் டெஸ்டில் ஒரு பகுதிக்கு 40 நிமிடம். இருபதாவது நிமிடத்தில் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும். “படிக்கிறதை யாரும்மா வேண்டாங்கிறாங்க? வேலையை முடிச்சிட்டுப் படி” என்பார் மாமியார். 2023 கேட் தேர்வில் 100 பர்சன்டைல் வாங்கிய 14 பேரும் ஆண்கள். 2024-இலும் 14 பேர். அதில் பெண் ஒருவர். உடனே பல ஐஐஎம்கள் பெண்களுக்குத் தரும் கூடுதல் புள்ளிகளைக் காட்டிக் கொதிப்பார்கள் நம் பையன்கள். புள்ளி கொடுத்தார்கள், சரி. அரிசி களைய ஆள் கொடுத்தது யார்?

தேர்வு முழுக்க ஆங்கிலத்தில். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள் வெளிநாட்டுப் பத்திரிகைக் கட்டுரைகளோடு மல்லுக்கட்டிக் கரையேற வேண்டும். ஏறினாலும் பத்தாம் வகுப்பு மார்க் வழிமறிக்கும். பதினைந்து வயதில், பத்துக்குப் பத்து வீட்டில், டிவி சத்தத்துக்கு நடுவே வாங்கிய மார்க்கை இருபத்தாறு வயதில் எடுத்து வைத்து எடை போடுவார்கள். 99 பர்சன்டைலைத் தாண்டியும் அழைப்பு வராமல் மறு வருஷம் அதே புத்தகத்தைத் தூசி தட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். இதற்குப் பெயர் தகுதி. இதில் தோற்றால் சோம்பேறிப் பட்டம் வேறு. பகலையும் ராத்திரியையும் பிடுங்கிக்கொண்ட ஆபீஸ் அந்தக் கணக்கில் வரவே வராது. படிக்கிறான் என்று தெரிந்தால் ‘கமிட்மென்ட் இல்லை’ என்று ரேட்டிங்கைக் குறைக்கிற அதே ஆபீஸ், சீட் கிடைத்ததும் “எங்கள் குடும்பத்துப் பிள்ளை” என்று கேக் வெட்டும். 90 நாள் நோட்டீஸ் பீரியடை மட்டும் ஒரு நாள்கூடக் குறைக்காது.

அகமதாபாத் ஐஐஎம் மாதிரி இடமென்றால் இரண்டு வருஷத்துக்குக் கட்டணம் 25 லட்சத்துக்கு மேல். பேங்க் லோன். அதற்கு முன் இன்டர்வியூ. “வை எம்பிஏ?” என்று கேட்பார்கள். தலைமைப் பண்பு, சமூகத்தில் மாற்றம் என்று ஒப்பிக்கச் சொல்லித்தான் எல்லோரும் பழக்குகிறார்கள். “ராத்திரி பத்து மணிக்கு வருகிற ஆபீஸ் காலை எடுத்து எடுத்து அலுத்துவிட்டது சார். இனிமேல் அந்தக் காலைப் போடுகிற ஆளாக ஆசைப்படுகிறேன்” என்று ஒரே ஒருத்தன் சொல்லட்டும். அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சீட் கொடுக்கலாம். பாடம் ஏற்கெனவே முடிந்துவிட்டது.