பாஸானது யாரு, நீயா போனா?

என்ன பேராண்டி, ஜேஈஈ மாதிரித் தேர்வுல கணக்கு அத்தனையும் முடிச்சுட்டியாமா? உங்கொப்பன் புதன்சந்தை வரைக்கும் சொல்லிட்டுத் திரியறான்.

எப்படி முடிச்சேன்னு எனக்குத் தெரியாதா சாமி? கணக்கைப் போட்டோ புடிச்சே, போன் விடை சொல்லுச்சு, "ஓ, இவ்வளவுதானா"ன்னு தலையாட்டுனே. அப்ப ஹாஸ்டல் ரூமை அது பேருக்கே போடச் சொல்லிரு. பரீட்சை ஹாலுக்குள்ள கால்குலேட்டரையே விடமாட்டான், போனையா விடப்போறான்?

நம்மூரு காலேஜுகளுக்கு இந்தக் கவலையே இல்லாமப் பண்ணிட்டாங்க. 2006ல சட்டம் போட்டு, அடுத்த வருசத்துலருந்து இஞ்சினீரிங்குக்கு நுழைவுத்தேர்வே வேண்டாம்னுட்டாங்க. பன்னெண்டாவது மார்க்கே போதும். 200 கட்-ஆப்புல கணக்குக்கு மட்டும் 100. ராசிபுரம், திருச்செங்கோட்டுப் பக்கம் ஹாஸ்டல் பள்ளிக்கூடங்களுக்கு நல்ல யோகம். பதினொன்னாவது புஸ்தகத்தைத் தொறக்காமயே பன்னெண்டாவதை ரெண்டு வருசம் அரைச்ச எடமும் உண்டு. அதனாலதான் 2017-18ல பதினொன்னுக்கும் பொதுத்தேர்வு வெச்சாங்க. ஜேஈஈக்காரன் ரெண்டு வருசத்துலருந்தும் கேப்பான், எங்க போயி ஒளிவே?

இந்த மாதிரி எடத்தை ஊருசனம் பிராய்லர் பள்ளின்னா உங்கொப்பனுக்குக் கோவம் பொத்துக்கிட்டு வருது. கோழிப்பண்ணை வெச்சிருக்கறவன் கோவப்படலாமா? பிராய்லர் எடைதான் போடும். முட்டைக்கு லேயர் கோழிதான் வேணும். அதுலயும் தீவனம் நாம வெக்கலாம், முட்டைய அதுதான் இடோணும்.

தெரியாட்டி குத்து மதிப்பா டிக் பண்ணிருவேங்கறியா? பண்ணு. ஜேஈஈ மெயின் கணக்குல நாலுல ஒன்னத் தேர்ந்தெடுக்கற கேள்வி 20. சரியானா 4, தப்பானா 1 போச்சு. நாலுக்கு ஒன்னு விழுந்தா 5 சரி, 20 மார்க்கு. 15 தப்புக்கு 15 போச்சு. கையில நிக்கறது 5. உங்கொப்பன் கட்டுன பீஸை அஞ்சால வகுத்துப் பாரு. அந்தக் கணக்கை அவன்கிட்ட மட்டும் காட்டிராதே.

ஒதவியே கேக்காதேன்னு சொல்லல கண்ணு. கேக்கறதுக்கு ஒரு மொறை இருக்குது. பழைய கேள்வித்தாளு, தேர்வு நடத்தற என்டிஏ தளத்துல சும்மாவே கெடக்குது. 2021லருந்து தமிழ்லயும் நடத்தறான். எடுத்து நீயே போடு. எந்த வரியில நின்னுச்சோ அங்க கோடு கிழி. வாத்தியார்கிட்டப் போயி, "விடை என்னங்க"ன்னு கேக்காதே. "இதுக்கு மேல ஏன் நகரலீங்க"ன்னு கேளு. அவரு ஒரு வரி சொன்னதும் நோட்டை மூடிட்டு எந்திரிச்சுரு. முழுசாப் போட்டுக் காட்டறேன்னு அவரு கையைப் புடிச்சாலும் உக்காராதே.

நாலு நாள் கழிச்சு அதே கணக்கை வெறுங்காயிதத்துல போட்டுப் பாரு. வந்துட்டா உன்னுது. வரலீன்னா இன்னும் வாத்தியாருதுதான். அவரு எப்பவோ காலேஜு முடிச்சுட்டாரு சாமி, அவருக்கு எதுக்கு இன்னொரு சீட்டு?