மணிக்கட்டில் ஒரு கவலை

எங்கள் ஊர்ப் பேச்சில் "நேரமே வந்துருங்க" என்றால் சீக்கிரம் வாருங்கள் என்று பொருள். "பொழுதோட கிளம்புங்க" என்றால் இருட்டுவதற்குள். "வெடியால பாத்துக்கலாமுங்" என்றால் நாளைக் காலை, அல்லது நாளை மறுநாள், அல்லது இந்த ஜென்மத்தில் இல்லை. இந்த மூன்று சொற்களை வைத்துக்கொண்டே கொங்கு நாடு விவசாயம் பார்த்தது, பெண் கொடுத்தது, பெண் எடுத்தது, பங்காளிச் சண்டையும் போட்டது. கையில் வாட்ச் இல்லையே என்று யாரும் தாவாங்கட்டையில் கைவைத்து உட்காரவில்லை. ஆனால் அந்த மூட்டுக்கு மட்டும் 'மணிக்கட்டு' என்று முன்கூட்டியே பெயர் வைத்துவிட்டார்கள். ரோடு வருவதற்கு முன்பே சைட் வாங்கிப் போடுகிற புத்தி அப்போதே இருந்திருக்கிறது.

வில்லங்கம் ரயிலில் வந்தது. மதராஸில் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வான் ஆய்வகம் இருந்தது. ஜான் கோல்டிங்ஹாம் என்ற துரை 1802-ல் அங்கே உட்கார்ந்து கணக்குப் போட்டு, மதராஸின் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால் என்று தீர்ப்புச் சொன்னார். 1862-ல் மதராஸ் ரயில் போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரையைத் தொட்டது. பின்னாலேயே மதராஸ் நேரமும் வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டது. மதராஸில் உச்சிப்பொழுது ஆகி 13 நிமிடம் கழித்துத்தான் கோயம்புத்தூரில் உச்சிப்பொழுது. அந்த 13 நிமிடத்தை யாரும் எங்களிடம் கேட்டு எடுக்கவில்லை. 1906-ல் இந்தியா முழுக்க ஒரே நேரம் என்றார்கள். அதில் இன்னும் ஒரு 9 நிமிடம் போனது. ஆக மொத்தம் 22. இன்றைக்கும் உங்கள் செல்போன் 12 மணி என்று காட்டும்போது காந்திபுரத்துச் சூரியன் சராசரிக் கணக்கில் 11.38-ல்தான் நிற்கிறது.

22 நிமிடம் என்றால் கிட்டத்தட்ட ஒரு நாழிகை. காலிங்கராயன் வாய்க்காலில் ஒரு நாழிகைத் தண்ணீரைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மடை மாற்றி விட்டிருந்தால் மண்வெட்டி பேசியிருக்கும். சூரியனையே மடை மாற்றியபோது ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கொங்கு வரலாற்றில் வசூலாகாத ஒரே பாக்கி இதுதான் என்று நினைக்கிறேன். எங்கள் கல்யாணங்கள் தாமதமாகத் தொடங்குவதைப் பற்றிச் சென்னைக்காரர்கள் இனிமேல் பேசக்கூடாது.

1888-ல் ஸ்டேன்ஸ் துரை நூல் மில் ஆரம்பித்தார். மில்லுக்கு மேல் மில் வந்தது, மில்லுக்கு மில் சங்கு வந்தது. ஊரே சங்குக்கு எழுந்தது, சங்குக்குச் சோறு தின்றது. பால்காரர் முதல் பள்ளிக்கூட வாத்தியார் வரைக்கும் இலவசமாக நேரம் கிடைத்தது. காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒன்றை இலவசமாகக் கொடுத்தால் எங்கள் ஊரில் மரியாதை இருக்காது. ஆகவே வசதி வந்தவர்கள் வாட்ச் வாங்கினார்கள். ஃபேவர்லூபா, வெஸ்ட் எண்ட் என்று சுவிஸ் சரக்கு. வாங்கிவிட்டு, அது சரியாக ஓடுகிறதா என்று மில் சங்கை வைத்துச் சரிபார்த்தார்கள்.

எங்கள் அப்பச்சியிடம், அதாவது அம்மாவின் அப்பாவிடம், அப்படி ஒன்று இருந்தது. தினமும் வெடியால, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய கையோடு, அதற்கும் சாவி கொடுப்பார். ஒருநாள் கிணற்றில் இறங்கும்போது கழற்ற மறந்துவிட்டார். வாட்ச் நீச்சல் தெரியாத சாதி. டவுன்ஹால் பக்கம் ஒரு ரிப்பேர்க்காரரிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் கண்ணில் ஒரு லூப்பைச் செருகிக்கொண்டு, பின்மூடியைத் திறந்து, பெட்ரோல் கிண்ணத்தையும் சாமணத்தையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். எனக்கு எட்டு வயது. அதுவரை வாட்சுக்குள் எண்கள்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

உள்ளே ஒரு தோட்டமே இருந்தது. அப்பச்சிதான் அதைப் படித்துக் காட்டினார். அவர் வாட்ச் சாஸ்திரம் படித்தவரல்லர், மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டியவர். "இந்தச் சுருள் இருக்குதில்லீங், மெயின் ஸ்பிரிங், இது தொட்டித் தண்ணி. சாவி குடுத்தா ரொம்பும். இந்தப் பல்சக்கரமெல்லாம் வாய்க்கா. தண்ணி முச்சூடும் ஒரே மூச்சுல ஓடிப் போகாம இருக்கோணும்னா மடை வேணும். அதா, அந்தக் கவட்டை" என்று ரிப்பேர்க்காரருக்கே பாடம் எடுத்தார். அவர் லூப்பைக் கழற்றாமலே தலையாட்டினார். "மடையைத் தொறந்து அடைக்கறது யாருங்?" என்று நான் கேட்டேன். இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று சுழன்று திரும்பும் பேலன்ஸ் வீலைக் காட்டினார். "கவலை மாடு. முன்னால போகுது, பின்னால வருது. பின்னால இழுக்கறது அந்த மசுராட்டம் இருக்கற கம்பி."

இன்றுவரை மெக்கானிக்கல் வாட்சுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த சுவிஸ் கேட்லாக்கிலும் படித்ததில்லை. அந்தக் காலத்து வாட்ச் பலவும் மணிக்கு 18,000 அடி. அதாவது நொடிக்கு ஐந்து முறை மடை திறந்து மூடுகிறது. நொடிக்கு ஐந்து தரம் கவலை ஓட்டுகிற மாடு உலகத்தில் எந்தச் சந்தையிலும் கிடைக்காது. அவர் அப்போது சொல்லாமல் விட்ட ஒன்று, ஹேர் ஸ்பிரிங்கின் சுருள். பாம்பு வழிகாட்டிப் போன வழியில் வெட்டியது என்று காலிங்கராயன் வாய்க்காலைப் பற்றிக் கதை சொல்வார்களே, அந்தப் பாம்பு பவானியில் வேலை முடித்துவிட்டு நேராக ஜெனீவாவுக்குத்தான் போயிருக்க வேண்டும்.

இப்போது 1801-க்குப் போவோம். அந்த ஜூன் மாதம் பாரிஸில் ஆப்ரஹாம்-லூயி பிரெகே என்ற கடிகாரக்காரர் டூர்பியோன் என்ற ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். சட்டைப் பையில் நின்றபடியே இருக்கும் கடிகாரத்தில், புவியீர்ப்பு பேலன்ஸை ஒரே பக்கமாக இழுத்து நேரத்தைக் கெடுக்கிறது என்பது அவர் புகார். அதற்கு அவர் கண்ட பரிகாரம், பேலன்ஸையும் மடையையும் சேர்த்து ஒரு கூண்டில் அடைத்து, கூண்டையே சுற்றவிடுவது. பெரும்பாலும் நிமிடத்துக்கு ஒரு சுற்று. அப்பச்சி மொழியில் சொன்னால், நிலம் ஒரு பக்கம் சாய்வாக இருக்கிறது என்பதற்காகக் கவலை மாடு, சாய்வுப் பாதை, வடக்கயிறு, பறி எல்லாவற்றையும் ஒரு ராட்டினத்தில் ஏற்றிச் சுழற்றுவது. தண்ணீர் வருமா என்றால் வரும். செலவு எவ்வளவு என்று கேட்கக்கூடாது. அதே 1801-ல் காவிரிக் கரையில் தீரன் சின்னமலை கம்பெனிப் படையோடு மோதிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் புவியீர்ப்பைவிடக் கும்பினியின் இழுப்பு பெரிதாக இருந்ததால் இந்தக் கண்டுபிடிப்பை யாரும் கவனிக்கவில்லை. கையில் கட்டுகிற வாட்ச் எந்நேரமும் திரும்பிக்கொண்டேதான் இருக்கிறது, அதற்கு ராட்டினம் பெரிதாகத் தேவையில்லை. இருந்தாலும் இன்றைக்கு அதைத்தான் பல லட்சத்துக்கு விற்கிறார்கள்.

இதையெல்லாம் அவர்கள் 'காம்ப்ளிகேஷன்' என்கிறார்கள். மணி, நிமிடம், நொடி காட்டுவது போக மேற்கொண்டு வாட்ச் எதைச் செய்தாலும் காம்ப்ளிகேஷன். அவினாசி சாலை ஆஸ்பத்திரிகளில் டாக்டர் இதே சொல்லைச் சொல்லும்போதும் லட்சக்கணக்கில்தான் கட்டுகிறோம். ஆனால் அங்கே சிரித்துக்கொண்டு கட்டுவதில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இயந்திரம் வாங்கினால் பிரிக்க வேண்டும். கலங்கல் கிராமத்து ஜி.டி. நாயுடு ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோயம்புத்தூரில் ஓட்டல் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, அப்படி ஒரு வண்டியை வாங்கி, வாங்கியதும் அக்கக்காகப் பிரித்துப்போட்டு, மறுபடி மாட்டினார். அவருக்கு மறுபடி மாட்டவும் தெரிந்திருந்தது. அந்த முதல் பாதியை மட்டும் கற்றுக்கொண்ட சீடர்கள் எங்கள் வீடுகளில் நிறையப் பேர். எந்தக் கொங்கு வீட்டு அலமாரியிலும் ஒரு மாத்திரை டப்பாவுக்குள் பிரித்த வாட்ச் ஒன்று கிடக்கும்.

நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் ஓட்டத் தொடங்கினார். பிறகு பஸ் பெருகியது, பஸ்ஸோடு 'டைம்' பெருகியது. கொங்கு நாட்டில் நிமிடத்துக்கு முதன்முதலில் விலை வைத்தவர்கள் தனியார் பஸ்காரர்கள்தான். எச்.எம்.டி. 1961-ல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கி, தன்னை 'தேசத்தின் டைம் கீப்பர்' என்று விளம்பரம் செய்துகொண்டது. உக்கடம் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், உண்மையான டைம் கீப்பர் வாயில் விசிலும் கையில் நோட்டுமாக நிற்பவர். இரண்டு நிமிடம் பிந்தி எடுத்த வண்டியை அவர் விரட்டுகிற விரட்டுக்கு முன்னால் சுவிஸ் குரோனோகிராஃப் எல்லாம் பொம்மை.

எச்.எம்.டி. ஜனதா கொங்குக் கல்யாணத்தில் மோதிரத்துக்கு அடுத்த சீர் ஆனது. அதன் முகப்பில் '17 ஜுவல்ஸ்' என்று போட்டிருக்கும். ஒரு மாமனார் அதைச் சபையில் எழுந்து நின்று "பதினேழு கல் வெச்சதுங்" என்று அறிவித்ததை நானே கேட்டிருக்கிறேன். பொய் இல்லை, பதினேழும் மாணிக்கம்தான். ஆனால் 1902 முதல் உலையில் உருக்கி எடுக்கிற செயற்கை மாணிக்கம், சக்கரத்தின் அச்சு தேயாமல் இருக்க வைப்பது. மோட்டாருக்குப் பேரிங் மாதிரி. சம்பந்தி வீட்டில் அன்றைக்கு யாரும் அதை விளக்கவில்லை, நல்லதாகப் போயிற்று.

பிறகு 1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து ஓசூரில் டைட்டன் தொடங்கின. டாடா இண்டஸ்ட்ரீஸிலிருந்து 'டி.ஐ.', தமிழ்நாட்டிலிருந்து 'டேன்'. ஓசூர் கொங்கு நாட்டில் சேருமா என்பதில் தகராறு உண்டு. லாபமான விஷயம் என்பதால் இப்போதைக்குச் சேர்த்துக்கொள்வோம். குவார்ட்ஸ் வந்ததும் கவலை மாடு, மடை, வாய்க்கால் எல்லாவற்றையும் ஒரு பட்டன் பேட்டரி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. சாதாரணக் குவார்ட்ஸ் மாதத்துக்குச் சுமார் 15 நொடி தவறும். சுவிஸ் குரோனோமீட்டர் சான்றிதழ் வாங்கிய மெக்கானிக்கல் வாட்சுக்கு ஒரே நாளில் 4 நொடி பிந்தவும் 6 நொடி முந்தவும் அனுமதி உண்டு. அதிகம் தவறுவதற்கு அதிக விலை என்கிற இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள எங்கள் தரகர்களுக்கே கொஞ்ச நாள் பிடித்தது.

கூத்து என்னவென்றால், 1737-ல் பிறந்து, 1865-லேயே பம்பாய்க்கு வந்து, அப்பச்சி தலைமுறையின் கையை ஆண்ட ஃபேவர்லூபாவையே 2011-ல் டைட்டன் 20 லட்சம் யூரோ கொடுத்து வாங்கியது. 2023-ல் கைமாற்றியும் விட்டது. அப்பச்சி இருந்திருந்தால் கேட்டிருக்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: "வித்ததுல எத்தன நின்னுதுங்?"

2022-ஐ நான் கொங்கு வாட்ச் ஆண்டு என்பேன். ஜூனில் 'விக்ரம்' படம் வந்தது. கடைசிச் சில நிமிடங்களில் ரோலெக்ஸ் என்ற பெயரில் ஒரு வில்லன் நடந்து வந்ததும் தியேட்டர் இரண்டானது. இயக்கிய லோகேஷ் கனகராஜ் கிணத்துக்கடவுக்காரர். நடித்த சூர்யா, சூலூர்ப் பக்கத்துக் காசிகவுண்டன்புதூர் சிவகுமாரின் மகன். ஆக, தமிழன் அதிகம் பார்த்த ரோலெக்ஸ் முழுக்க முழுக்கக் கொங்கு உற்பத்தி. படத்தின் நாயகன் கமல் பிறகு சூர்யாவுக்கு ஒரு நிஜ ரோலெக்ஸைப் பரிசளித்தார். டிசம்பரில், அப்போது பா.ஜ.க. மாநிலத் தலைவராக இருந்த அரவக்குறிச்சிப் பக்கத்து அண்ணாமலை கட்டியிருந்த ரஃபேல் வாட்சுக்கு, அதே கரூர் மாவட்டத்துக்காரரும் அப்போதைய தி.மு.க. அமைச்சருமான செந்தில்பாலாஜி பில் கேட்டார். பெல் அண்ட் ராஸ் கம்பெனியின் 500 எண்ணிக்கை மட்டுமே செய்த குரோனோகிராஃப் அது. அடுத்த ஏப்ரலில் பில் வந்தது, கோவையில் ஒருவரிடம் மூன்று லட்சத்துக்கு வாங்கியதாக அண்ணாமலை சொன்னார். யார் பக்கம் நியாயம் என்பதைக் கட்சிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் குளிர்காலத்தில் எங்கள் டீக்கடைகளில் 'லிமிடெட் எடிஷன்' என்ற சொல் வடைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது என்பதுதான். கடைசி இரண்டு போண்டாவையும் அப்படித்தான் விற்றார்கள்.

ஜெனீவாவின் வாஷரோன் கான்ஸ்டன்டைன் 2015-ல் 57 காம்ப்ளிகேஷன் வைத்து ஒரு பாக்கெட் கடிகாரம் செய்தது, அதில் யூதர்களின் பஞ்சாங்கம் உண்டு. 2024-ல் 63 வைத்து இன்னொன்று, அதில் சீனப் பஞ்சாங்கம். அந்த 63-ல் ராகு காலம் இல்லை. இத்தனைக்கும் இது சுலபமான வேலை. கிழமைச் சக்கரத்தின் மேல் ஏழு படி வெட்டிய ஒரு கேம், அதில் உரசும் ஒரு நெம்புகோல். கணபதியில் லேத் வைத்திருக்கும் நண்பரிடம் சொன்னேன். "பண்ணிரலாமுங், ஆனா எந்தூரு ராகு காலம்?" என்றார். அப்போதுதான் உறைத்தது. ராகு காலம் சூரியக் கணக்கு. காலண்டரோ 6 மணிக்குச் சூரியன் உதித்ததாக வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை 7.30 முதல் 9 என்று அச்சடிக்கிறது. எங்கள் சூரியன் சராசரியாக 22 நிமிடம் பிந்தியவர். 9 மணிக்கு ராகு காலம் முடிந்ததென்று 9.05-க்குப் பூஜை போட்டுத் தொடங்கிய தொழிலெல்லாம் அசல் ராகு காலத்துக்கு உள்ளேயே தொடங்கியவை. அவை எப்படிச் செழித்தன என்பதை ஜோசியர்கள்தான் சொல்ல வேண்டும்.

போன மாதம் எங்கள் மாமாவோடு ஒரு ஒறம்பரை வீட்டுக்குப் போயிருந்தேன். பனியன் எக்ஸ்போர்ட், திருப்பூரில். பையன் ஒரு ஆட்டோமேட்டிக் வாட்ச் காட்டினான். எட்டு லட்சம். சாவி கொடுக்க வேண்டாம், கை ஆடுகிற ஆட்டத்தில் உள்ளே ஒரு அரைவட்டத் தகடு சுழன்று தானாகவே ஸ்பிரிங்கை முறுக்கிக்கொள்ளும் என்றான். ஆனால் அதைக் கையில் கட்டாமல் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தான். பெட்டி உர்ரென்று லேசாக உறுமிக்கொண்டு வாட்சைச் சுற்றிச் சுற்றிக் காட்டியது.

"இதென்னுங் மாப்ள?"

"வைண்டர்ங் மாமா. ஏசி ரூம்ல உக்காந்தே இருக்கறமா, கை ஆடறதில்லீங். வாட்ச் நின்னு போயிருது. அதுக்கு மோட்டார்."

மாமா கவலையிலிருந்து கரண்டு மோட்டாருக்கு மாறிய தோட்டத்துக்காரர். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பெட்டியைப் பின்பக்கமாக ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"எத்தன எச்.பி.ங்? ஃப்ரீ சர்வீஸுக்கு எழுதிப் போட்டிருக்கியா?"