ப்ரோ, கோட்டு இருக்கா?

எங்கள் வீட்டு பீரோவில் இடது கதவு என்னுடையது. திறந்தால் உள்ளே 32 இஞ்ச் இடுப்புக்காரன் ஒருவன் தொங்கிக்கொண்டிருப்பான். ஆறு பேண்ட், பதினொரு முழுக்கைச் சட்டை, பாலிதீன் உறைக்குள் ஒரு கோட்டு சூட்டு. 2014-ல் அவன் நன்றாகத்தான் இருந்தான். 2020-ல் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று ஆபீசில் சொன்னார்கள். கேமராவுக்குத் தெரிகிற மேல்பாதிக்குச் சட்டை, தெரியாத கீழ்பாதிக்குக் கைலி என்று பழகிவிட்டேன். கைலிக்கு ஒரு குணம் உண்டு, அது இடுப்பைப் பற்றிக் கேள்வியே கேட்காது. மறுபடி ஆபீஸ் போன அன்று பேண்ட்தான் கேட்டது. இப்போது எனக்கு 38.

"அந்த ஆளை எப்பங்க காலி பண்ணப்போறீங்க?" என்று மனைவி கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று புடவைகளைப் போட்டு, மத்தியானம் காப்பி ஆறுவதற்குள் விற்றுவிட்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் எனக்கும் வியாபார ஆசை வந்தது. புடவைக்கு அளவு கிடையாது என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. அஞ்சரை மீட்டர் துணி ஒல்லிக்கும் பொருந்தும், பருமனுக்கும் பொருந்தும். ஒரு சுற்று கூடும், ஒரு மடிப்பு குறையும், அவ்வளவுதான். பேண்ட் அப்படியா? பட்டன் போடுகிற இடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம். ஆண்கள் துணி மறுவிற்பனைக்கு வருவதே குறைவு. நாம் விட்டால்தானே? ஆபீஸ் சட்டை காலர் நைந்ததும் வீட்டுச் சட்டை ஆகும். பிறகு வண்டி கழுவுகிற சட்டை. பிறகு கை வெட்டப்பட்டு அடுப்படியில் பிடிதுணி. கடைசியில் பால்கனி துடைக்கிற துணியாகி, பட்டன் எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் போன பின்தான் அதற்கு மோட்சம்.

என் அம்மா காலத்தில் இதற்கெல்லாம் பாத்திரக்காரம்மா வருவார். தலையில் எவர்சில்வர் கூடை, தோளில் துணி மூட்டை. அப்பாவின் பேண்டை வாங்கி, மடிப்பைப் பிரித்து, வாசலில் நின்று வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். உட்காருகிற இடத்தில் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் முடிந்தது கதை. "பின்னாடி சல்லடை ஆயிடுச்சும்மா, ஐயாவுக்கு உக்காந்தே பாக்குற வேலையா?" என்பார். ஆமாம், அப்பா கிளார்க். அடுத்து காலரைப் புரட்டுவார், ஜிப்பை இரண்டு முறை ஏற்றி இறக்குவார். நாலு பேண்டுக்கு ஒரு அடுக்கு என்று அம்மா ஆரம்பித்தால், கடைசியில் ஒரு டபராவும் மூடியில்லாத ஒரு டப்பாவும் வரும். பத்து நிமிஷத்தில் பேரம், தரப் பரிசோதனை, டெலிவரி எல்லாம் முடிந்துவிடும். பழைய பொருள் விற்கிற ஆப் ஒன்றில் நான் ஏழு வாரம் பட்ட பாட்டை வைத்துச் சொல்கிறேன், அந்தம்மாவின் தொழில்நுட்பத்தை இன்னும் யாரும் எட்டவில்லை.

முதல் சிக்கல் போட்டோ. கோட்டின் நிறம் நேவி ப்ளூ. டியூப்லைட்டில் எடுத்தால் கறுப்பு, பால்கனியில் எடுத்தால் ஸ்கூல் யூனிஃபார்ம். 2015-ல் ஒரு கவுனின் படம் உலகம் பூராவும் சுற்றியது நினைவிருக்கலாம். பாதிப் பேர் வெள்ளையும் தங்கமும் என்றார்கள், மீதிப் பேர் நீலமும் கறுப்பும் என்றார்கள். அசலில் அது நீலம், கறுப்பு. விஞ்ஞானிகளே உட்கார்ந்து ஆராய்ந்த பிரச்சினையை நான் ஒரு ஹேங்கரையும் சமையலறைக் கதவின் ஆணியையும் வைத்துத் தீர்க்கப் பார்த்தேன். வெளிச்சம் அங்கேதான் சரியாக விழுந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் மேடைமேல் எங்கள் வெட் கிரைண்டரும் பாதி தெரிந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

4,500 ரூபாய் என்று போட்டேன். துணியும் தையல்கூலியுமாக 11,500 ஆனது. மைத்துனன் ரிசப்ஷனில் நாலு மணி நேரம் போட்டதோடு சரி. சித்திரை மாதம், மண்டபத்து ஏ.சி. மேடைப் பக்கம் வரவே இல்லை. கோட்டுக்குள் நான் இட்லி மாதிரி வெந்ததை யாரும் கவனிக்கவில்லை, போட்டோவில் முகம் பளபளவென்று வந்திருப்பதாகத்தான் சொன்னார்கள்.

முதல் நாளே பதினாலு பேர் கேட்டார்கள்: "இருக்கா?" நானும் பதினாலு பேருக்கும் "இருக்கு" என்றேன். பிறகு சத்தமே இல்லை. அந்தக் கேள்வி ஆப்பே தயாராக வைத்திருக்கிற பொத்தான், விரல் பட்டாலே போய்விடும் என்று மகன்தான் விளக்கினான். நான் ஒவ்வொருவருக்கும் "வணக்கம், இருக்கிறது, தாங்கள் எப்போது வர இயலும்?" என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

பேசியவர்களில் ஒருவர் "லாஸ்ட் என்ன?" என்றார். 4,000 என்றேன். "500 பண்ணலாமா ப்ரோ?" என்றார். இன்னொருவர், கோட்டு ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் போதும், வாடகை சொல்லுங்கள் என்றார். மற்றொருவர் மீன்தொட்டி தருகிறேன், மாற்றிக்கொள்ளலாமா, மீன் இல்லை, மோட்டார் இருக்கிறது என்றார். மூன்று பேர் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அந்தக் கிரைண்டர் என்ன ரேட்?" என்றார்கள்.

பிறகு அளவு. "சைஸ் என்ன சார்?" என்றால் என்ன சொல்வது? டெய்லர் தைத்த கோட்டில் நம்பர் ஏது? குரோம்பேட்டை டெய்லர் என்னைச் சுற்றி இரண்டு தடவை வந்துவிட்டு, "சார், உங்களுக்கு இடது தோள் அரை இஞ்ச் இறக்கம்" என்று காதோடு சொன்னார். கவலைப்படாதீங்க, உள்ளே கூட ஒரு பேடு வைத்து ஏற்றிவிடுகிறேன் என்றார். ஏற்றினார். அதனால் இந்தக் கோட்டு சரியாக உட்கார வேண்டுமென்றால் வாங்குகிறவருக்கும் இடது தோள் அரை இஞ்ச் இறங்கியிருக்க வேண்டும். விளம்பரத்தில் அதை எப்படி எழுதுவது? பேண்டாவது பரவாயில்லை, பின் தையலில் மடக்கிவிட்ட துணி இருக்கும், இரண்டு இஞ்ச் வரை பிரித்துக்கொள்ளலாம். கோட்டின் தோளில் கைவைத்தால் மொத்தத்தையும் அவிழ்க்க வேண்டும். பழைய கோட்டு விலையைவிட அந்தக் கூலி அதிகம்.

ரெடிமேடிலாவது நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. ஒரு கம்பெனி 40 இன்னொரு கம்பெனிக்கு 42. இந்திய உடம்புக்கென்று ஒரு பொது அளவுப் பட்டியல் வேண்டும் என்றுதான் ஃபேஷன் படிப்பு நடத்துகிற நிஃப்ட் நிறுவனம் முப்பரிமாண ஸ்கேனரை வைத்து 25,000 பேரை அளக்கத் திட்டம் போட்டது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங் என்று ஆறு ஊர். சென்னை அதில் இல்லை. ஷில்லாங் வரை போகிறவர்களுக்கு எங்கள் தொப்பையைப் பார்க்க நேரமில்லை.

மூன்றாவது வாரம் ஒரு நல்ல மனிதர் கிடைத்தார். தான் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி அடையாள அட்டைப் படம் அனுப்பினார். பேரமே பேசவில்லை. ஆறு பேண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன், ஆள் வந்து வாங்கிக்கொள்வான், இப்போதே பணம் என்றார். நெஞ்சு நிறைந்துவிட்டது. அடுத்த நிமிஷம் ஒரு க்யூஆர் படம் வந்தது. ஸ்கேன் பண்ணி பின் போடுங்கள், பணம் வந்து விழும் என்றார். பணம் வாங்க யுபிஐ பின் எதற்கு? கொடுக்கிறவன்தான் பின் போடுவான். ஆனால் எனக்குச் சந்தேகம் வந்தது அதனால் இல்லை. அவர் இடுப்பு அளவே கேட்கவில்லை. அளவு கேட்காமல் ஆறு பேண்ட் வாங்குகிற ஆண்பிள்ளை இந்தப் பூமியில் கிடையாது. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட்டுச் சொன்னேன். பணம் ஏதும் போச்சா என்றார்கள். இல்லை, நம்பிக்கைதான் என்று சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பாதி விலைக்கு இறங்கினேன். போகி வந்தது. "கொளுத்திடலாமா?" என்றாள் மனைவி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் வேண்டாம் என்று கெஞ்சுவதை எடுத்துச் சொன்னேன். உண்மையில் எனக்கு மனசு வரவில்லை.

ஏழாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை ஒரு பையன் அம்மாவோடு நேரிலேயே வந்துவிட்டான். அடுத்த மாதம் அண்ணன் ரிசப்ஷன். கோட்டைப் போட்டுக் கண்ணாடி முன் நின்றான். கச்சிதம். அவனுக்கும் இடது தோள் இறக்கமா என்று உற்றுப் பார்த்தேன், காலேஜ் பையை அந்தப் பக்கமே மாட்டுவான் போல. அவன் முகம் மலர்ந்துவிட்டது. அம்மா மட்டும் எங்கள் ஹால் சுவரைப் பார்த்தார். அங்கே என் அப்பா படம், சந்தன மாலையோடு. மறுபடி கோட்டைப் பார்த்தார்.

"அவரோடதுங்களா?" என்றார் மெதுவாக.

"இல்லைங்கம்மா, என்னோடது."

அந்தம்மா என் வயிற்றைப் பார்த்தார். அவசரமே இல்லாமல், மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "பரவால்லீங்க, உண்மையைச் சொல்லுங்க. போனவங்க துணின்னா சுபகாரியத்துக்கு ஆகாதுன்னு கேக்குறேன்" என்றார். சத்தியம் பண்ணினேன், எடுபடவில்லை. கடைசியில் மனைவி உள்ளே போய் மைத்துனன் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிவந்து, விரலை வைத்துக் காட்டினாள். அந்தம்மா படத்தையும் என்னையும் நாலு தடவை மாற்றி மாற்றிப் பார்த்தார். "தம்பிங்களா?" என்றார்.

1,200-க்குக் கொடுத்தேன். ஹேங்கர் இனாம். போகும்போது அந்தம்மா, "உடம்பைப் பாத்துக்குங்க தம்பி" என்று நிஜமான அக்கறையோடு சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து, மீதிப் பேண்டுகளுக்கு யாராவது "இருக்கா?" கேட்டார்களா என்று ஆப்பைத் திறந்தால், முதல் படத்திலேயே என் கோட்டு. நான் எடுத்த அதே போட்டோ. அதே கதவு, அதே ஆணி, பக்கத்தில் பாதி கிரைண்டர். "ஒரே ஒருமுறை போட்டது, விலை 4,000" என்று இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் போனைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கேளுங்களேன்" என்றாள். பொத்தானை அழுத்தினேன்.

"இருக்கு சார், எப்ப வர்றீங்க?" உடனே பதில். பையன் கெட்டிக்காரன்.

"அந்தக் கிரைண்டர் கிடைக்குமா?" என்று தட்டினேன்.

"அது வித்துப்போச்சு சார்" என்று வந்தது. சமையலறையில் நாளைக்கு இட்லிக்கு உளுந்து அரைபட்டுக்கொண்டிருந்தது.