சராசரியார் காலமும் ஊரும்: ஓர் ஆராய்ச்சி

ஔவையார் ஒருவரா பலரா என்ற வழக்கே தமிழுலகில் இன்னும் தீர்ந்தபாடில்லை. அதற்குள் இன்னொரு பெயர்க் குழப்பம் வந்து சேர்ந்திருக்கிறது. ‘இந்த வருசம் சராசரி மழை’ என்கிறார்களே, அந்தச் சராசரியார் யார்? அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் அவரை நேரில் பார்த்தவர் உண்டா?

களச் சான்று

டீக்கடை பெஞ்சில் மழையை மில்லிமீட்டரில் சொல்வார் இல்லை. “என்ன அண்ணாச்சி, மழை எப்படி?” “ஒரு உழவுக்குப் பேஞ்சிருக்கு. ஓடைக்கு அங்கிட்டுப் பொட்டுத் தண்ணி இல்லை.” இந்த இரண்டு வாக்கியங்களிலும் சராசரியார் தலைகாட்டவில்லை என்பது உய்த்துணரத்தக்கது.

சுவடிச் சான்று

விளக்கத்துக்காக ஆய்வாளரே எழுதிப் புகையூட்டிப் பழுக்கவைத்த சுவடி ஒன்று உண்டு. அதில் ஐந்து ஆண்டு மழை: 500, 500, 650, 750, 1,600 மில்லிமீட்டர். இதை ஊன்றிப் படித்ததில், சராசரியார் ஒருவரல்லர், மூவர் என்பது வெளிப்பட்டது.

முதலாமவர் கூட்டுச் சராசரியார். எல்லாவற்றையும் கூட்டி ஐந்தால் வகுத்து 800 என்பார். ஐந்தில் நான்கு ஆண்டுகள் அவருக்குக் கீழேதான் கிடக்கின்றன. இரண்டாமவர் இடைநிலையார். சிறியது முதல் பெரியது வரை வரிசையாக நிறுத்தி, நடுவில் நிற்பதைத் தொட்டு 650 என்பார். அந்த 1,600 நாளைக்கே 3,000 ஆனாலும் அசையமாட்டார். மூன்றாமவர் முகட்டார். அதிகத் தடவை வந்தது 500 என்பார். மழைக் கணக்கில் அவருக்கு வேலை குறைவு. சேலைக் கடையில் அவர் வைத்ததுதான் சட்டம். எந்த நிறம் அதிகம் போகிறது என்பதை அவர்தான் சொல்ல முடியும். சிவப்பையும் பச்சையையும் கூட்டி இரண்டால் வகுக்க முடியாதல்லவா?

தலபுராணச் சான்று

திருச்சுழி பூமிநாதர் கோயில் தலபுராணம், பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் சூலத்தால் துளையிட்டுப் பூமிக்குள் இறக்கியதாகச் சொல்கிறது. அந்த ஆண்டின் மழை பதிவேட்டில் ஏறியிருந்தால், பின்வந்த ஆண்டெல்லாம் சராசரிக்குக் குறைவு என்றே எழுதப்பட்டிருக்கும்.

உரையாசிரியரும் பதிப்பாசிரியரும்

இந்திய வானிலை ஆய்வுத் துறை கூட்டுச் சராசரியாரின் பக்கம். நீண்டகாலச் சராசரிக்கு மேலோ கீழோ 19 விழுக்காடு வரை ‘இயல்பு’ என்பது அதன் உரை. 800-க்கு இது 648 முதல் 952 வரை. ஆக, நம் சுவடியின் 650 இரண்டே மில்லிமீட்டரில் தப்பி இயல்பாகிவிடுகிறது.

2016-இல் வந்த பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டமோ பதிப்பாசிரியர் வேலை பார்க்கிறது. 2018-இல் திருத்திய விதிப்படி, கடந்த ஏழு ஆண்டு விளைச்சலில் சிறந்த ஐந்தை மட்டும் எடுத்துச் சராசரி காணும். மோசமான இரண்டை இடைச்செருகல் என்று தள்ளிவிடும். பஞ்ச ஆண்டுகள் சராசரியைக் கீழே இழுத்தால் இழப்பீடும் குறையும் என்பதால் இது விவசாயிக்கு நல்லதே. ஏழில் மூன்று ஆண்டு பொய்த்த ஊரில் மட்டும் ஒரு பஞ்சம் மூலபாடத்திலேயே தங்கிவிடுகிறது.

முடிவு

மூவரில் மெய்யான சராசரியார் யார் என்று கேட்பது வீண். மிச்சத்தை எடுத்துவைக்க இடமிருக்கிறதா என்று கேட்பதே முறை. கூட்டுச் சராசரி ஒரு வருசத்து உபரியை இன்னொரு வருசத்துப் பற்றாக்குறைக்குக் கொடுத்துச் சமன் செய்கிறது. ஆனால் இங்கே 1,600 பெய்தால் கண்மாய் நிறைந்து, மறுகால் பாய்ந்து, குண்டாற்றில் இறங்கிக் கடலைப் பார்க்கப் போய்விடும். மறுவருசம் ஐப்பசியில் வாடி நிற்கும் உளுந்திடம், “போன வருசத்தையும் சேர்த்துப் பார்த்தால் உனக்கு 800” என்று சொல்லி ஆற்றுப்படுத்த இயலாது. மானாவாரிக்கு விதை வாங்குகிறவர் இடைநிலையார் சொல்லைக் கேட்பதே அறிவுடைமை.

கூட்டுச் சராசரியாரின் ஊர் எது என்பதும் இதிலிருந்தே துணியப்படும்: தண்ணீர் தங்கும் இடமெல்லாம் அவர் ஊரே. அருப்புக்கோட்டைப் பக்கம் அவரைக் குடியேற்ற வேண்டுமானால் ஆராய்ச்சி போதாது. கண்மாயைத் தூர்வார வேண்டும்.