முகவரித் திணையியல்: தளம் புதிதானபின் கைவிடப்படும் பழைய இணைய முகவரிகள் குறித்து ஓர் ஆய்வு

வலைத்தளத்தைப் புதுப்பிக்கும் சடங்கில் வண்ணம் குறித்துப் பல கூட்டங்கள் நடக்கும். லோகோ இடப்பக்கமா நடுவிலா என்பதற்குத் தனிக் கூட்டம். பழைய பக்கங்களின் முகவரிகள் என்னவாகும் என்பதற்கு மட்டும் கூட்டம் கிடையாது. டீ வரும் நேரத்தில் மூத்த உறுப்பினர் யாராவது கேட்டால்தான் உண்டு. அப்போதும் பேச்சு இரண்டு வரியில் முடிந்துவிடும்.

“தம்பி, பழைய லிங்க் எல்லாம் என்ன ஆகும்?”

“அதெல்லாம் கூகுளே பாத்துக்கும் சார்.”

இவ்விடை நூற்பாவுக்குரிய இலக்கணம் அனைத்தும் பொருந்தியது. சுருக்கம் உண்டு, ஆழம் உண்டு, மறுத்துப் பேச இடமில்லை. ‘கூகுளே’ என்பதன் ஏகாரம் தேற்றம். நாங்கள் பார்க்கமாட்டோம் என்ற பொருளும் தருதலின் பிரிநிலை எனினும் அமையும். இந்நூற்பா பிழையுடையது என நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னாய்வுகள் சில உள. வையவிரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-இலேயே இப்பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். முகவரிகள் தாமாக மாறுவதில்லை, ஆட்கள்தான் மாற்றுகிறார்கள் என்பது அதன் சாரம். அக்கட்டுரை இன்றும் தன் பழைய முகவரியிலேயே இருக்கிறது. ஆய்வுலகில் சொன்னபடி நடந்துகொண்ட நூல்கள் குறைவு என்பதால் இதைக் குறித்துவைக்கிறோம். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி, 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குப்பின் திறக்கவில்லை. ஹார்வர்டு சட்டப் பள்ளியினர் அந்நாட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். அங்கே சான்றாகத் தந்த இணைய முகவரிகளில் ஏறத்தாழப் பாதி, சான்று காட்டிய செய்தியைக் காட்டவில்லை. இவர்களெல்லாம் எண்ணினார்கள், வகைப்படுத்தவில்லை. எண்ணியதை வகைப்படுத்தாமல் விடுவது தமிழ் மரபன்று.

கேட்கும் பக்கத்துக்கு சர்வர் தரும் விடைக்குறிகள் 100, 200, 300, 400, 500 என ஐந்து வகுப்பாக அமைந்துள்ளன. அகத்திணையிலும் நடுவண் நிற்பவை ஐந்து. இதைத் தற்செயல் என்பாரும் உளர். அவர்களை இக்கட்டுரையாளர் மதிக்கிறார். அவர்களுக்காக ஆய்வை நிறுத்துவதாக இல்லை. பக்கம் தலைவன், வாசகர் தலைவி, தேடுபொறி தோழி எனக் கொள்க. முதற்பொருளுள் நிலம் சர்வர். பொழுது வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. புதிய தளங்களை ஏற்றிவிட்டுக் கிளம்ப அதைவிட நல்ல நேரம் இல்லை. அடுத்த இரண்டு நாளும் போனை எடுப்பாரில்லை.

குறிஞ்சி, 200. கேட்ட பக்கம் கேட்ட இடத்தில் கிடைக்கிறது. கூடியிருப்பவர்களிடம் ஆய்வாளனுக்கு என்ன வேலை? மேலே செல்வோம்.

நெய்தல், 404. உரிப்பொருள் இரங்கல். கருப்பொருள்: கைகால் கழன்ற ரோபோ, தரையில் கவிழ்ந்த ஐஸ்கிரீம், ‘அச்சச்சோ!’ என்று பெரிய எழுத்தில் ஒரு சொல், அதன்கீழ் யாரும் தொடாத ஒரு தேடல் பெட்டி. இத்திணையில் நீதி நோக்கில் ஒரு சிக்கல் உண்டு. நெறிமுறைப்படி 400 வரிசை முழுவதும் கேட்டவர் பிழை; 500 வரிசைதான் சர்வர் பிழை. ஆக, பக்கத்தை இடித்தவர் நிரபராதி. அந்தத் தளமே முன்பு கொடுத்த முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்பவர் குற்றவாளி. ஆனாலும் நெய்தல் நேர்மையான திணை. இல்லாததை இல்லை என்கிறது. தேடுபொறியும் சிலமுறை வந்து பார்த்துவிட்டு முகவரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். பிறகும் அவ்வப்போது எட்டிப் பார்க்கும், பழகிய வாசல்.

நேர்மையற்ற திணை மருதம். பரத்தையர் சேரிக்குப் போன தலைவன் வைகறையில் திரும்பி, ஒன்றும் நடவாததுபோல் வாசலில் நிற்பான். பக்கம் இல்லை, திரையில் ‘மன்னிக்கவும்’ என்று எழுதியும் இருக்கிறது, அடியில் போகும் விடைக்குறியோ 200, நலம், நலமறிய ஆவல். கூகுள் இதற்கு ‘ஸாஃப்ட் 404’ என்று பெயரிட்டுத் தனிக் கணக்கு வைத்திருக்கிறது.

இதன் முற்றிய வடிவம் ‘எல்லாரையும் முகப்புக்கு அனுப்பிவிடு’ என்பது. 2011-இல் வந்த ஒரு சிறுகதையைத் தேடி வாசகர் ஒருவர் தேடல் முடிவில் அழுத்துகிறார். ஆண்டு விழாப் புகைப்படம் ஒன்று இடமிருந்து வலமாக நகர்ந்து வருகிறது. குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள். ‘எங்களைப் பற்றி’, ‘நோக்கமும் தொலைநோக்கும்’, ‘தொடர்புக்கு’. சிறுகதை பற்றி ஒரு சொல் இல்லை. தாம்தான் தவறாக அழுத்திவிட்டோம் என்று நினைத்து அவர் திரும்பிப் போய் மறுபடி அழுத்துகிறார். மறுபடி குத்துவிளக்கு. 404 என்றால் கதை இல்லை என்றாவது தெரிந்திருக்கும். இங்கே அவருக்குத் தம் கண்மீதே சந்தேகம் வருகிறது. வடிவமைப்பாளருக்கு மட்டும் நிறைவு: உடைந்த இணைப்பு ஒன்றுகூட இல்லை என்று அறிக்கை கொடுத்துப் பாக்கித் தொகையை வாங்கிவிடலாம். தோழி இதில் ஏமாறுவதில்லை. தொடர்பில்லாத பழைய பக்கங்களை மொத்தமாக முகப்புக்குத் திருப்பினால் அவற்றையும் ஸாஃப்ட் 404 கணக்கிலேயே எழுதிக்கொள்கிறாள். வாயில் மறுத்தல் என்னும் துறை இதற்கே உரியது. முகவரிக் குற்றங்களுள் இதையே தலையாயதாக இக்கட்டுரையாளர் வைக்கிறார். 404-ஐ வைப்பாரோடு வாதிடவும் ஆயத்தம்.

முல்லையின் உரிப்பொருள் இருத்தல். 302 என்னும் குறி ‘இப்போதைக்கு வேறிடம் போயிருக்கிறேன், வந்துவிடுவேன்’ என்று சொல்கிறது. கார்காலத்துக்குள் வருவேன் என்ற தலைவன் வாக்கு அது. அதை நம்பித் தேடுபொறி பழைய முகவரியையே பட்டியலில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். இந்தத் துயரத்துக்குக் காரணம் பெரும்பாலும் வஞ்சகம் ஆகாது, சோம்பல்தான். அப்பாச்சி சர்வரில் எண் எழுதாமல் ‘ரீடைரக்ட்’ என்று மட்டும் போட்டால் அது 302 என்றே எடுத்துக்கொள்ளும், பிஎச்பியிலும் அப்படியே. மூன்று இலக்கம் தட்டச்சு செய்ய ஒருவர் சோம்பியதால், ஒரேயடியாகப் போனவன் பல கார்காலமாக ‘இதோ வந்துவிட்டேன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.

எழுதியிருக்க வேண்டியது 301. அது பாலை. பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெப்பத்தால் திரிந்தால் அதுவே பாலை. 301-க்கும் தனிப் பக்கம் இல்லை. இருந்தது காய்ந்துபோய், வழி மட்டும் மிஞ்சியிருக்கிறது. உடன்போக்கில் போன மகளைத் தேடிச் செவிலி சுரத்தில் நடப்பாள். எதிரே வருவோரைக் கேட்பாள். ‘கண்டோம், இவ்வழிப் போனார்கள்’ என்பார்கள் கண்டோர். ஒரு நல்ல 301 செய்யும் வேலை அவ்வளவே. கதைக்குக் கதை, கட்டுரைக்குக் கட்டுரை, ஒவ்வொரு பழைய முகவரிக்கும் ஒரு கண்டோர் நிற்க வேண்டும்.

இங்கே நுட்பம் ஒன்று உண்டு. ஒவ்வொரு புதுப்பித்தலிலும் முந்தைய குழு வைத்த கண்டோரை அப்படியே விட்டுவிட்டு அடுத்த குழு புதியவர்களை நிறுத்துகிறது. எச்டிஎம்எல் பக்கத்தைக் கேட்டால் பிஎச்பி பக்கத்தைக் கேள் என்கிறது. அது வேர்ட்பிரஸைக் கேள் என்கிறது. அது கடைசியில் சாய்கோடு இல்லாத இன்னொரு முகவரிக்கு அனுப்புகிறது. கூகுளின் தேடல் நிரல் இப்படிப் பத்துத் தாவல்வரை வரும். செவிலிக்குப் பத்துப் பேரைக் கேட்கும் பொறுமை உண்டு என்க. பதினோராம் ஆளை அவள் பார்ப்பதில்லை. பழைய விதிகளையும் திருத்தி எல்லாவற்றையும் நேரே இன்றைய இடத்துக்குக் காட்டிவிடுவதே தீர்வு. இவ்விதிகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். ஓராண்டு தேடுபொறிக்குப் போதும். 2010-இல் அச்சான நூலின் அடிக்குறிப்புக்கு அந்தக் கணக்கு தெரியாது.

அ-வை ஆ-வுக்கும், ஆ-வை அ-வுக்கும் திருப்புவது பெருந்திணை. ‘அதிகமுறை திருப்பிவிடப்பட்டது’ என்று சொல்லி உலாவி மயங்கி விழும். கைக்கிளை இன்னும் பரிதாபம். பழைய பக்கங்கள் தேடலில் வரக்கூடாது என்று எண்ணி ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பில் அந்த அடைவை அடைத்துவிடுகிறார்கள். அக்கோப்பு ‘உள்ளே வராதே’ என்று மட்டுமே சொல்லும். ‘என்னை மறந்துவிடு’ என்று சொல்லாது. உள்ளே வர முடியாததால் 301 இருப்பதும் தெரிவதில்லை, 404 இருப்பதும் தெரிவதில்லை. முகவரி பட்டியலிலேயே கிடக்கிறது, ‘இப்பக்கம் பற்றித் தகவல் இல்லை’ என்ற குறிப்போடு. கதவைத் திறந்து வைத்தால்தான் வந்தவர் காலி வீட்டைப் பார்த்துவிட்டுப் போவார். கூகுளிடமே சொல்லி நீக்கும் கருவி ஒன்றும் உண்டு. அது ஏறத்தாழ ஆறு மாதம் திரை போடும், அவ்வளவே.

தமிழ் முகவரிகளுக்கு இவற்றோடு ஒரு பிறவிக் குறையும் சேரும். இணையப் பாதையில் தமிழ் எழுத்து தமிழாகப் போவதில்லை. ‘த’ என்னும் ஓரெழுத்து ‘%ஈ0%ஏஈ%ஏ4’ என்ற அளவில் ஒன்பது குறிகளாக விரியும். புள்ளிக்கு ஒன்பது, கொம்புக்கு ஒன்பது. ‘தமிழ்’ என்று எழுதினால் 45. வேர்ட்பிரஸ் இவ்வாறு விரிந்த முகவரித் தலைப்பை 200 குறிகளோடு வெட்டிவிடும். ‘பாரதியார் கவிதைகளில் பெண்விடுதலை’ என்று ஒருவர் கட்டுரை எழுதுகிறார் என்க. கணக்குப் போட்டால் பாரதியாருக்கு 81, கவிதைகளுக்கு 90, இடையே இரண்டு சிறுகோடு, மீதி 27. முகவரி ‘பாரதியார்-கவிதைகளில்-பெண’ என்று நின்றுவிடும். விடுதலை போயிற்று, பெண்ணின் புள்ளியும் போயிற்று. நாளை அந்தத் தளம் வேறு மென்பொருளுக்கு மாறும்போது புதியது முழுத் தலைப்பையும் முகவரியாக்கும். இரண்டும் பொருந்தாது. விடுதலை கிடைத்த அன்றே பழைய வாசகர் அனைவருக்கும் 404.

பிளாகர் இத்தொல்லைக்கு வேறு தீர்வு கண்டது. தமிழ்த் தலைப்பை அடியோடு விட்டுவிட்டு, எதை எழுதினாலும் ‘பிளாக்-போஸ்ட்_15’ என்றாற்போல் பெயரிட்டது. ஒரு தலைமுறையின் தமிழ்ப் பதிவுகள், கவிதையும் சமையல் குறிப்பும் சாதிச் சண்டையும், எண் மட்டும் வேறான ஒரே பெயரோடு உலவின. அழகில்லை, ஆனால் வெட்டுப்படவும் இல்லை.

சென்னை மாநகரம் இத்துறையில் முன்னோடி. கதவிலக்கங்கள் மாறியபின் அந்நகரத்தார் ‘பழைய எண் 14, புதிய எண் 31’ என்று இரண்டையும் கல்யாணப் பத்திரிகைவரை அச்சிட்டார்கள். பழைய எண் வீட்டுக்காரருடையது மட்டும் ஆகாது, கடிதம் போடுபவருடையதும் கூட என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். தள உரிமையாளர்களுக்கு இந்த உணர்வு வருவதில்லை. பக்கம் தம்முடையது, ஆகவே முகவரியும் தம்முடையது என்று எண்ணுகிறார்கள். முகவரி அதைக் குறித்துவைத்துக்கொண்டவர்களுடையது. இவ்வாய்வின் கருதுகோளும் முடிபும் அதுவே.

செய்முறை எளிது. தளத்தை மாற்றுவதற்கு முன்பே பழைய முகவரிகளை ஓர் எக்ஸெல் தாளில் இடப்பக்கம் எழுதி, வலப்பக்கம் புதியதை எழுதுக. பட்டியலுக்கு சர்ச் கன்சோலும் சர்வர் பதிவுக் கோப்பும் உதவும். பழையதை அழித்தபின் ஞானம் பிறந்தவர்கள் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் தம் தளத்தையே தேடிப் பொறுக்கலாம். ஈடு இல்லாத பக்கத்துக்கு 410 கொடுக்கலாம். ‘இருந்தது, இனி வராது’ என்பது அதன் பொருள். அதை யாரும் கொடுப்பதில்லை. தம் பக்கத்துக்குத் தாமே இரங்கற்பா எழுத எந்தச் செயலாளருக்கும் மனம் வருவதில்லை போலும்.

இத்தனையும் செய்தாலும் களப்பெயரின் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டாவிட்டால் கண்டோர் அனைவரும் ஒரே நாளில் மறைவர். 2012-இல் கூகுளின் பிளாகர் இந்திய வாசகர்களை .இன் என்று முடியும் முகவரிகளுக்குத் திருப்பத் தொடங்கியது. நம்மவர்கள் திரையில் கண்டதைக் கண்டபடி நகலெடுத்து ஒருவருக்கொருவர் இணைப்புக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. 2020-இல் அந்த .இன் களப்பெயரே கூகுளின் கையைவிட்டுப் போனது. ‘கூகுளே பாத்துக்கும்’ என்ற நூற்பாவுக்கு இதைவிடப் பெரிய மறுப்புரை தேவையில்லை.

நிறைவாக ஒரு சான்று. 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் வீடியோ விளையாட்டு வழக்கொன்றில் நீதிபதி சாமுவேல் அலிட்டோ தம் கருத்துரையின் அடிக்குறிப்பில் ஓர் இணைய முகவரி தந்தார். பின்னர் அக்களப்பெயர் வேறொருவர் கைக்குப் போனது. வாங்கியவர் அங்கே கடை விரிக்கவில்லை. இப்பக்கத்தை உச்ச நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டாமல் விட்டதற்கு மகிழ்ச்சிதானே என்று வருவோரை நலம் விசாரித்து, காட்டியிருந்தால் அலிட்டோவுக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேர்ந்திருக்கும் என்ற கருத்தில் நான்கு வரி எழுதிவைத்தார்.

திணை: காஞ்சி. துறை: நிலையாமை. விடைக்குறி: 200.