சாம்பலுக்கும் விலை வந்தது

எங்கள் அப்பத்தா கோழிக்கென்று வெளியிலிருந்து வாங்கிய பொருள் பஞ்சாரம் ஒன்றுதான். அதுவும் கூடை முடைகிறவர்கள் ஊருக்கு வரும்போது நெல்லை அளந்துபோட்டு வாங்கியது. மற்றதெல்லாம் வீட்டைச் சுற்றியே கிடந்தது. அடுப்பில் சாம்பல், களத்தில் பதர், கொல்லையில் வேம்பு, வைகையில் மணல், குப்பைமேட்டில் புழு. இன்று மதுரைக்கு வெளியே சின்ன மனையில் வீட்டைக் கட்டிக்கொண்டு, பின்பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு சிறுவிடைக் கோழிகளை வைத்திருக்கும் நான், அத்தனையையும் காசு கொடுத்து வாங்குகிறேன். உமி மூட்டையில் வருகிறது, வேப்பம்புண்ணாக்கு பையில் வருகிறது, சாம்பல் பொட்டலத்தில் வருகிறது. இயற்கை முறையில் கோழி வளர்க்கப் போகிறேன் என்று யாராவது யோசனை கேட்டால், கோழியை விசாரிக்கும் முன்னால் சாம்பலுக்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

சாம்பல் அவ்வளவு முக்கியம். அப்பத்தா காலையில் அடுப்பை வாரி, அடுப்படிக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் கொட்டும். வெயில் ஏறியதும் கோழிகள் அங்கே போய்விடும். ஒரு கோழி முதலில் காலால் பறித்துக் குழி செய்யும். பிறகு ஒருக்களித்துப் படுத்து, மேல்சிறகை விசிறிபோல விரித்துப் போட்டுக்கொண்டு, காலாலேயே சாம்பலை வாரி இறகுக்குள் இறைத்துக்கொள்ளும். கழுத்தை மண்ணோடு வைத்துத் தேய்க்கும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அப்படியே கிடக்கும். அரை மணி நேரம் கழித்து எழுந்து ஒரே உதறாக உதறினால், கோழி தெரியாத அளவுக்குப் புழுதி எழும்பும். பேன் இருப்பது இறகின் அடியில், சிறகுக்குக் கீழே, எச்சமிடும் இடத்தைச் சுற்றி. கையால் தடவி எடுக்க முடியாத அந்த இடங்களுக்கெல்லாம் பொடிச்சாம்பல் போய்ச் சேரும். சேர்ந்து பேனின் உடம்பை உலர்த்திக் கொல்லும். கோழி தனக்குத்தானே செய்துகொள்ளும் வைத்தியம் இது. நாம் செய்யவேண்டியதெல்லாம் சாம்பல் நனையாமல் பார்த்துக்கொள்வதுதான்.

ஊரில் கேஸ் அடுப்பு வந்தது. பெண்களின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் அது பெரிய விடுதலை. விறகுப் புகையில் இருமி இருமியே அப்பத்தா ஓய்ந்ததைப் பார்த்தவள் நான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முருங்கையடியில் சாம்பல்மேடு கரைந்தது. அடுத்தடுத்த வருடங்களில் கோழிகள் கொண்டையெல்லாம் வெளுத்து, இறகைக் கோதிக்கொண்டே நின்றன. இரண்டுக்கும் முடிச்சுப் போட அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

இன்று என் வீட்டில் பழைய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைக் கூரையின் கீழே வைத்திருக்கிறேன். செம்மண்ணும் மணலும் முக்கால், விறகுச் சாம்பல் கால். இஸ்திரி போடுகிற அண்ணனிடம் கரிச்சாம்பலை வாங்கிச் சலித்துப் போடுகிறேன். குப்பை எரித்த சாம்பல் ஆகாது, பிளாஸ்டிக் எரிந்த நஞ்சு அதில் இருக்கும். நிழலில் உலர்த்திய வேப்பிலையை நொறுக்கிக் கலந்தால் இன்னும் நல்லது.

பேனைவிடப் பொல்லாதது செள்ளு. பேன் கோழி மேலேயே குடியிருக்கும். செள்ளில் ஒரு வகை, பகலெல்லாம் கூட்டின் இடுக்கில் ஒளிந்துகொண்டு இராத்திரி மட்டும் கோழிமேல் ஏறி இரத்தம் குடிக்கும். அதனால் பகலில் கோழியைத் தூக்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாலும் ஒன்றும் அகப்படாது. இருட்டிய பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், கோழி உட்காரும் கம்பின் அடிப்பக்கத்தைப் பார்க்கவேண்டும். ஒரு வெள்ளைத் துணியால் அந்தக் கம்பை அழுந்தத் துடைத்தால், சிவப்புச் சிவப்பாக இழுவினால் இருக்கிறது என்று அர்த்தம். கோழிகள் சாயங்காலம் கூட்டுக்குள் போக முரண்டு பிடித்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன்.

எங்கள் ஊர் வீடுகளில் திண்ணைக்கு அடியிலேயே கோழிக்கூடு இருந்தது. மண்சுவரில் ஒரு பொந்து, அதற்கு ஒரு பலகை, பலகைக்கு முட்டுக்கொடுக்க ஒரு கல். விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பத்தா, "ஏத்தா, கருப்பி வந்துட்டாளா, எண்ணிப் பாரு" என்று குரல் கொடுக்கும். மரநாயும் கீரியும் காட்டுப்பூனையும் திரிந்த காலம் அது. பாதுகாப்பு என்று பார்த்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது, படுத்திருக்கும் தாத்தாவுக்கு நேர் கீழே கோழி. காற்றோட்டம் என்று பார்த்தால் மோசம். மண்சுவர் வெடிப்பு முழுக்கச் செள்ளு. ஆனால் போகிக்கு முன்னால் அதைச் சுரண்டி, ஒரு பிடி வைக்கோலைக் கொளுத்தி உள்ளே சுற்றிக் காட்டி, சாணி மெழுகி, சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். வெடிப்புகள் அடைபடும், ஒளிய இடமிருக்காது. பெரிய கோழிப்பண்ணைகளில் கொட்டகை காலியானதும் தீப்பீய்ச்சியால் சுவரையும் கம்பிவலையையும் பொசுக்கி, சுண்ணாம்பு பூசுவதைப் பார்த்தபோது எனக்குத் திண்ணைக்கூடுதான் நினைவுக்கு வந்தது.

அந்தக் காலமென்றால் எல்லாமே இயற்கை என்று நினைத்துவிடக் கூடாது. வயலுக்கு வாங்கிய பி.எச்.சி. பூச்சிக்கொல்லிப் பொடியை ஒரு துணியில் முடிந்து, கோழியின் முதுகில் தட்டிவிடுவது எங்கள் தெருவில் சாதாரணமாக நடந்தது. பிள்ளைகள் நாங்கள் கையால் பிடித்துக்கொடுப்போம். அந்தக் கோழியின் முட்டையை அடுத்த நாள் அவித்துத் தின்போம். கொழுப்பில் போய்த் தங்கி, வருடக்கணக்கில் அழியாமல் கிடக்கும் நஞ்சு அது. இந்தியாவில் அதற்குத் தடை வந்தது 1997-இல்தான். பழையதிலிருந்து எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போதைய என் கூடு தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கால்மேல் நிற்கிறது. நீளவாக்கு கிழக்கு மேற்காக. நம் வெயிலுக்கு அதுதான் சரி, காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில்தான் விழும். கம்பிவலைக் கண் சிறியதாக இருக்கவேண்டும். சாரைப்பாம்பு நுழைகிற கண்ணில் பெருச்சாளியின் குட்டியும் நுழையும். கடையில் ஆயத்தமாக விற்கும் கூண்டுகள் பார்க்க அழகு. தகரக் கூரையும் தாழ்ந்த உயரமுமாக, சித்திரை வெயிலில் கோழி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்படிதான் பல இருக்கின்றன. மேலே தென்னங்கீற்றைப் பரப்பினால் பாதிக் குறை தீரும். பகலில் வெளியே மேயும் கோழிக்கு இராத்தங்க ஒன்று, ஒன்றரைச் சதுர அடி போதும். நாள் முழுக்க அடைத்தே வைப்பதென்றால் குறைந்தது இரண்டு சதுர அடியாவது வேண்டும். இடம் குறைந்தால் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும்.

தரைக்கு ஆழ்கூளம். நெல் உமி, கடலைத் தொலி, தேங்காய் நார்க்கழிவு, எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை நாலு விரற்கடை கனத்துக்குப் போட்டு, வாரம் இரண்டு முறை கிளறிவிட்டால் எச்சம் அதிலேயே மக்கும். ஈரம் பார்க்க ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடிக்கவேண்டும். கையை விரித்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது, உடனே சுண்ணாம்புத்தூள் தூவிக் கிளறி, புது உமி சேர்க்கவேண்டும். கூட்டுக்குள் தலையை விட்டால் கண் எரிகிறது என்றால், நாள் முழுக்க அதிலேயே மூச்சுவிடும் கோழியின் நிலையைச் சொல்லவா வேண்டும். குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல் வருவதும் இந்த ஈரத்தினால்தான். அப்பத்தாவுக்கு ஆழ்கூளம் தேவைப்படவில்லை. கூட்டின் எச்சம் காலையில் கூட்டி எடுக்கப்பட்டு எருக்குழிக்குப் போகும். அந்த எருக்குழியைக் கிளறப் பகலெல்லாம் கோழி இருக்கும்.

குஞ்சுகளுக்குக் கரையான் எடுப்பதைச் சொல்லாமல் விட முடியாது. வாயுடைந்த பானை ஒன்றில் கந்தல் சாக்கு, காய்ந்த சாணி, சோளத்தட்டை எல்லாவற்றையும் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். விடியற்காலை, வெயில் வருவதற்குள் போய்ப் பானையை நிமிர்த்தினால் உள்ளே வெள்ளை வெள்ளையாக நெளியும். வெயில் பட்டுவிட்டால் எல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிடும், அதனால்தான் அந்த அவசரம். சாக்கை எடுத்து வாசலில் உதறியதும் தாய்க்கோழி ஒரு தனிக்குரலில் கூப்பிடும். குஞ்சுகள் உருண்டு உருண்டு வரும். பத்து நாள் கரையான் தின்ற குஞ்சின் வளர்ச்சியே வேறு. இன்று என் மனையில் ஒரு கரையான்கூடக் கிடையாது. வீடு கட்டும்போது அஸ்திவாரத்துக்குக் கரையான் மருந்து ஊற்றினார்கள், எல்லோரும் ஊற்றுகிறார்கள். வீட்டைச் சுற்றி எங்காவது கரையான் தென்பட்டாலும் குஞ்சுக்குக் கொடுக்கக் கூடாது. நான் மண்புழுத் தொட்டியும் அசோலாவும் வளர்க்கிறேன். குஞ்சுகள் தின்கின்றன, அந்தப் பாய்ச்சல் இல்லை.

அடை வைப்பதும் அப்படித்தான் மாறிப்போயிற்று. வைகையில் மடியில் அள்ளிவந்த மணலைக் கூடையில் பரப்பி, கொஞ்சம் சாம்பலும் வேப்பிலையும் போட்டு, முட்டையை வைத்து அடைக்கோழியை உட்கார வைத்தால் 21-ஆம் நாள் குஞ்சு. இடிக்கு முட்டை கெட்டுவிடும் என்று ஓர் இரும்புத்துண்டும் வற்றல் மிளகாயும் ஓரத்தில் இருக்கும். அதற்குப் பலன் உண்டென்று நான் நம்பவில்லை. சாம்பலுக்கும் வேப்பிலைக்கும் உண்டு, மூன்று வாரம் எழுந்து குளிக்காத கோழிமேல்தான் செள்ளு அதிகம் ஏறும். இப்போது ஆற்றில் கைப்பிடி மணல் கிடைப்பதில்லை. கருங்கல்லை உடைத்த எம்-சாண்டில் முட்டை வைக்க மனம் ஒப்பவில்லை. எப்போதோ வீடு கட்டி மிச்சமான பழைய ஆற்று மணல் ஒரு சாக்கு இருக்கிறது, அதையே சலித்து, வெயிலில் காயவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறேன்.

அடை வைக்க வேண்டாத கோழியின் அடையைக் கலைக்க, அதன் மூக்கில் அதன் இறகையே செருகிவிடுவார்கள். தண்ணீரில் முக்குவார்கள். பார்க்கச் சகிக்காது. அடியில் காற்றுப் புகும் கம்பிவலைக் கூண்டில் நாலைந்து நாள் தீனியும் தண்ணீரும் வைத்து விட்டால், வயிற்றுச் சூடு தணிந்து அடை தானே கலைகிறது.

அந்தக் காலத்தில் எனக்குத் திரும்பி வரவே வேண்டாத ஒன்று வெள்ளைக்கழிச்சல். மாசி, பங்குனியில் ஒரு தெருவில் ஒரு கோழி கழுத்தைத் திருகிக்கொண்டு, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து விழும். வாரத்துக்குள் ஊரே காலி. அப்பத்தா மஞ்சளும் சீரகமும் சின்ன வெங்காயமும் அரைத்து உருட்டி ஊட்டும், இராத்திரியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். விடிந்தால் மடியிலேயே செத்திருக்கும். சாகிறதற்குள் சந்தையில் விற்றுவிட ஓடுகிறவர்களால் நோய் அடுத்த ஊருக்கும் போகும்.

1920-களின் பிற்பகுதியில் குமாவுன் மலையிலுள்ள ராணிகேத்தில் கண்டறிந்ததால் இந்தியாவில் இதற்கு ராணிகேத் நோய் என்றே பெயர். அதே மலைப்பகுதியின் முக்தேஸ்வரில் இதற்குத் தடுப்பூசியும் உருவானது. எங்கள் ஊருக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரம் சிறகடியில் ஓர் ஊசி. அவ்வளவுதான். தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இரண்டு வாரம் ஊர் ஊராக முகாம் போட்டு இலவசமாகவே போடுகிறது. மாசிக்கு முன்னால் போட்டுவிடவேண்டும் என்பதுதான் கணக்கு. "இயற்கை, இயற்கைன்னு சொல்லிட்டு இதை மட்டும் விட்டுறாதீங்கம்மா" என்று கால்நடை மருந்தகத்து டாக்டர் ஒருவர் கெஞ்சாத குறையாகச் சொன்னார். அவர் சொன்னது எனக்கு முழுச் சம்மதம். மூலிகை உருண்டை தெம்பு கொடுக்கும், பசியைத் தூண்டும். வைரஸ் உடம்பில் இறங்கிய பிறகு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்ட கோழி இயற்கைக் கோழி ஆகாது என்று வாதாடுகிறவர்கள், ஒரு பங்குனியில் எங்கள் தெருவில் இருந்திருக்கவேண்டும்.

இந்தச் சொட்டு மருந்தில் ஒரு சிக்கல் உண்டு. கடையில் வாங்கும் குப்பி நூறு கோழிக்கானது. கரைத்துவிட்டால் பனிக்கட்டியில் வைத்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடவேண்டும். என் பத்துக் குஞ்சுக்காக அதை உடைத்தால் மீதி சாக்கடைக்கு. அதனால் இப்போது எங்கள் பகுதியில் கோழி வைத்திருக்கும் ஏழெட்டு வீடுகள் பேசிவைத்துக்கொண்டு, ஏறக்குறைய ஒரே வாரத்தில் அடை வைக்கிறோம். என் கருப்பி நல்ல அடைக்கோழி. பக்கத்துத் தெரு அக்கா வளர்ப்பது வனராஜா ரகம், அதற்கு அடைக் குணமே கிடையாது. அவருடைய முட்டையையும் கருப்பியின் அடியில்தான் வைக்கிறோம், பொரிக்கிற குஞ்சில் பாதி அவருக்கு. ஊரில் இதற்கு வாரத்துக்கு விடுவது என்று பெயர். அப்பத்தாவுக்கும் கீழத்தெருவுக்கும் இருந்த கணக்கெல்லாம் இந்தக் கணக்குத்தான். ஏழாம் நாள் காலை ஆறு மணிக்கு ஐஸ் பெட்டியோடு ஒருவர் குப்பியை வாங்கிவருவார், வெயில் ஏறுவதற்குள் எல்லா வீட்டுக் குஞ்சுக்கும் சொட்டு விட்டு முடித்துவிடுவோம். அடுத்த முறை குப்பி வாங்கும் முறை என்னுடையது. பனிக்கட்டிக்கு மீன்கடைத் தம்பியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.